வேலை இல்லை... ஆனா 'வேலையில்லாதவர்' கணக்கிலும் இல்லை! எப்படி?

2023-24ல் இந்தியாவின் வேலையின்மை விகிதம் வெறும் 3.2 சதவீதம். இது மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு. "அப்போ எங்க ஊர்ல இத்தனை பேர் ஏன் சும்மா இருக்காங்க?"ன்னு நீங்க கேட்கலாம். பதில், கணக்கெடுக்கும் விதத்தில் இருக்கு.

தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளியில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துக்குவோம். அப்பா வாரத்துக்கு 2 நாள் தக்காளி பறிக்கப் போறார். மீதி நாள் வேலை கிடைக்கலை. ஆனாலும் அவர் 'வேலையில் உள்ளவர்'. அம்மா சொந்தக் காட்டில் சம்பளமே இல்லாமல் பாடுபடுறாங்க. அவங்களும் 'வேலையில் உள்ளவர்'தான். டிகிரி முடிச்ச மகள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார், இப்போதைக்கு வேறு வேலை தேடலை. அதனால் அவர் கணக்கிலேயே வரமாட்டார். கட்டட வேலைக்கு ரயிலேறிப் பெங்களூருவிலேயே தங்கிவிட்ட மகன், இந்த வீட்டுப் பட்டியலில் இல்லை.

ஆக, இந்த வீட்டில் வேலையின்மை பூஜ்ஜியம்!

வேலை தேடியும் கிடைக்காதவர்தான் வேலையில்லாதவர் என்பது விதி. கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள், 1 மணி நேரம் வேலை பார்த்திருந்தால்கூட வார முறைக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். வருஷம் முழுக்க வைத்துப் பார்க்கும் முறை இன்னும் தாராளம். அதில் வந்ததுதான் அந்த 3.2 சதவீதம். அதே ஆண்டை வார முறையில் பார்த்தால் 4.9. 15 முதல் 29 வயதுக்காரர்களை மட்டும் எடுத்தால், தாராள முறையிலேயே 10.2 சதவீதம். செய்தியில் ஒரு சதவீதம் வந்தால், எந்த முறை, எந்த வயதுன்னு பார்த்துடுங்க.

சரி, ஒரு வீட்டில் வேலை இல்லைன்னா நாட்டுக்கு என்ன நஷ்டம்?

அப்பாவுக்குக் கூலி குறைஞ்சா, முதலில் மளிகைக் கடையில் கடன் ஏறும். கடைக்காரர் சரக்கு எடுப்பதைக் குறைப்பார். எங்கேயோ இருக்கும் சோப்பு கம்பெனிக்கு ஆர்டர் குறையும், அங்கே ஷிப்ட் குறையும். அரசுக்கு ஜிஎஸ்டி குறையும். ஒருவரின் செலவுதான் இன்னொருவரின் வருமானம்.

2020 ஊரடங்கில் இது மொத்தமாக வெடித்தது. அந்த ஏப்ரலில் வேலையின்மை 23 சதவீதத்தைத் தாண்டியதாக சிஎம்ஐஇ நிறுவனம் கணித்தது. ஏப்ரல்-ஜூன் காலாண்டில் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக அப்போது அரசே அறிவித்தது. நகரத்தில் வேலை இழந்தவர்கள் ஊருக்குத் திரும்பி நிலத்தில் இறங்கினார்கள். விவசாயத்தில் இருப்போரின் பங்கு 2018-19ல் 42.5 சதவீதம், 2020-21ல் 46.5. 2023-24லும் அது 46.1. ஆனால் நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவீதம்தான். 2 பேர் பார்க்கிற வேலையை 4 பேர் பகிர்ந்துக்கிறாங்க. 'மறைமுக வேலையின்மை' என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

100 நாள் வேலை கைகொடுத்திருக்குமே என்றால், அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. 2005ல் வந்த அந்தச் சட்டம் ஊரகப் பகுதிகளுக்காகப் போடப்பட்டது. மாரண்டஹள்ளியோ பேரூராட்சி.