களி உருண்டையும் கேம் பெட்டியும்

மாதேஸ்வரன் மலைப் பக்கம் இருக்கிறது மார்டள்ளி. ஒரு காலத்தில் மைசூர் மாவட்டம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதோடு சேர்ந்து போனது. கர்நாடகம்தான், ஆனாலும் தெருவில் நடந்தால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். என் அக்கா வீடு அங்கேதான். போன மே மாதம் போயிருந்தேன். திண்ணையில் ஏறினால், ஆறாவது படிக்கும் அக்கா மகன் செல்போனைத் தண்ணீர்ப் பானையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னடா பண்றே?"

"சூடாயிடுச்சு மாமா. கேம் லேக் அடிக்குது. கொஞ்சம் ஆற வெக்கிறேன்."

பானை ஈரம் உள்ளே போனால் போன் போய்விடும் என்று பிடுங்கி வைத்தேன். அவன் அசரவில்லை. லீவில் பெங்களூரு போனபோது சித்தப்பா வீட்டில் பிளேஸ்டேஷன் என்ற கேம் பெட்டியைப் பார்த்தானாம். அதிலிருந்தே ஒரு கேள்வி அவனைக் குடைந்துகொண்டிருக்கிறது.

"அவ்வளவு பெரிய பெட்டி எதுக்கு மாமா? எல்லா கேமும் போன்லயே வருதே! இன்னும் கொஞ்ச வருஷத்துல அதை யாரும் வாங்க மாட்டாங்கதானே?"

பதில் அவன் பானையில் ஒட்டிப் பிடித்த அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. ஆனால் அவனுக்கு அப்படிச் சொன்னால் புரியாது. மதியம் அக்கா ராகிக் களி கிண்டியதும் வசதியாகப் போயிற்று.

களி உருண்டையைத் தட்டில் வைத்தால் மேலே தொடும்போது ஆறியது போல இருக்கும். பிட்டு வாயில் போட்டால் உள்ளே கொதிக்கும். அதே களியைத் தட்டு முழுக்கப் பரப்பி விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். களியின் அளவு மாறவில்லை, காற்று படும் பரப்புதான் கூடியது. சூடு வெளியேற வேண்டுமென்றால் அதற்கு வாசல் வேண்டும், பரப்புதான் அந்த வாசல். வீட்டு வாசலில் நிற்கும் பைக்கின் எஞ்சினைப் பாருங்கள். அதைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்காக வைத்ததில்லை, களியைப் பரப்பும் வேலையைத்தான் அவையும் செய்கின்றன.

கேம் ஓடும்போது போனுக்குள் இருக்கும் சில்லு ஒரு நொடிக்கு 60 படங்கள் வரைகிறது. ஒவ்வொரு படத்திலும் மரம், மழை, ஓடுகிற ஆள், அவன் நிழல் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வரைய வேண்டும். அதற்கு மின்சாரம் செலவாகிறது. செலவான மின்சாரம் எங்கே போகும்? கிட்டத்தட்ட அத்தனையும் சூடாக மாறிவிடும். நன்றாக வரைய வேண்டுமென்றால் நிறைய மின்சாரம், நிறைய மின்சாரம் என்றால் நிறைய சூடு. இதில் ஏமாற்று வேலை எதுவும் செல்லாது.

பெரிய விளையாட்டு ஓடும்போது பிளேஸ்டேஷன் 5 ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். நம் வீட்டு சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட் என்றால், மூன்று ஃபேன் ஓடுகிற மாதிரி. அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் பெட்டிக்குள் பெரிய தகடுக் கட்டும் ஒரு விசிறியும் இருக்கின்றன. முதலில் வந்த மாடலின் எடை நாலரை கிலோ. "பெரிய பெட்டி எதுக்கு" என்று மருமகன் கேட்டானே, பெட்டியில் பெரும்பகுதி மூளை இல்லை. மூளைக்கு விசிறிவிடும் ஏற்பாடு!

போனில் இந்த ஏற்பாட்டுக்கு இடம் ஏது? சட்டைப் பையில் போக வேண்டிய பொருள் அது. கையில் பிடிக்கிற பொருளும் கூட. 45 டிகிரியைத் தாண்டினால் விரல் தாங்காது. அதனால் போன் ஒரு தந்திரம் செய்கிறது: சூடு ஏறியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேக் அடிப்பது அப்போதுதான். போன் பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். வெயிலில் நடப்பவர் மர நிழலில் கொஞ்சம் நின்று போவதைப் போலத்தான்.

சரி, சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி? ஒரு கணக்குப் போட்டோம். கரித்துண்டால் திண்ணையிலேயே எழுதினான், அக்கா திட்டினாள். சாதாரண போன் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி. அதாவது 5 ஆம்பியர்-மணி. அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. போன் கேம் 5 வாட் செலவழித்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். பிளேஸ்டேஷன் போல 200 வாட் செலவழித்தால்? 19ஐ 200ஆல் வகுத்தான், 60ஆல் பெருக்கினான்.

"ஆறு நிமிஷம்கூட வராதா?"

வராது.

இதைக் கேட்டதும் பெட்டிதான் ஜெயித்தது என்று அவன் முடிவுகட்டப் பார்த்தான். அதுவும் சரியில்லை. 2017இல் நின்டெண்டோ கம்பெனி ஸ்விட்ச் என்று ஒரு கன்சோல், அதாவது கேம் பெட்டி, விட்டது. கையில் வைத்தும் ஆடலாம், டிவியோடு சேர்த்தும் ஆடலாம். உள்ளே இருந்தது டெக்ரா எக்ஸ்1 என்ற சில்லு. அது டேப்லெட்டிலும் வந்த சில்லு, நம் போன் சில்லுகளுக்கு உறவுக்காரன். அந்த இயந்திரம் 15 கோடிக்கும் மேல் விற்றது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஸ்விட்சைக் கையில் எடுத்தால் அதன் படம் வரையும் பகுதி பாதி வேகத்தில் ஓடும். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் தாங்கியில் செருகினால் வேகம் இரண்டு மடங்காகும். அதே சில்லு, அதே விளையாட்டு. மாறியது என்ன? சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது, கையைச் சுட்டுவிடுமோ என்ற பயமும் இல்லை. ஒரே பொருள் காலையில் போன் போலவும் மாலையில் பெட்டி போலவும் நடக்கிறது.

நம் ஊரில் கதையே வேறு மாதிரி போயிற்று. 1990களில் டிவியில் மாட்டி, கேசட் செருகி ஆடும் வீடியோ கேம் சில வீடுகளில் இருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டு ஜன்னலில் தொங்குவார்கள். நானும் தொங்கியிருக்கிறேன். 1997இல் நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இன்டர்நெட் விலை சரிந்தது. 2018இல் பப்ஜி மொபைல் வந்தபோது மூலை முடுக்கெல்லாம் அதே பேச்சு. 2020 செப்டம்பரில் அரசு அதைத் தடை செய்தது, அடுத்த வருடம் வேறு பெயரில் திரும்பி வந்தது. அதே 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். கேமுக்குத் தனிக் காசு. டிவியும் வேண்டும், கரண்டும் போகாமல் இருக்க வேண்டும். அதனால் மார்டள்ளி மாதிரி ஊரில் போன் வந்து பெட்டியைத் துரத்தவில்லை. துரத்த அங்கே பெட்டியே இல்லை.

பெரிய கணினிகள் வேறெங்கோ இருந்து விளையாட்டை ஓட்ட, படம் மட்டும் நம் போனுக்கு வந்தால் சூட்டுப் பிரச்சினையே இல்லையே என்று கேட்பீர்கள். கூகுள் 2019இல் ஸ்டேடியா என்ற பெயரில் அதைச் செய்து பார்த்தது. 2023 ஜனவரியில் மூடிவிட்டது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அதனால் தூரம் பெரிய தொல்லை இல்லை. ஆனால் படத்தைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் காட்டுவதற்குள் தாமதமாகிவிடும். டவர் சிக்னல் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அதோடு ஆட்டம் முடிந்தது.

பெட்டி நிலைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சூட்டுக்கும் பேட்டரிக்கும் தொடர்பில்லாதது. கனடாவில் டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு வெளியிட்டது. அங்கே குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், அதைப் பார்த்து நாம் இட்லி அவிக்க வேண்டும். சண்டையில்லை, வெடியில்லை. வந்தது கன்சோல்களிலும் கணினியிலும். இத்தனைக்கும் அதற்கு 200 வாட் எல்லாம் தேவையே இல்லை. ஆனால் போனில் எல்லாரும் இலவசமாகக் கேட்கிறார்கள், நடுவில் விளம்பரம் வருகிறது, விளையாட்டுக்குள் காசுக்கு வைரம் விற்கிறார்கள். ஒருமுறை காசு கொடுத்து வாங்கி, ஆற அமர உட்கார்ந்து ஆடி முடிக்கிற பழக்கம் பெட்டிக்காரர்களிடம்தான் அதிகம். இட்லி வேக நேரம் வேண்டுமில்லையா?

"அப்ப, பெட்டி போகாதா மாமா?"

"இப்போதைக்குப் போகாது. சின்னதாகும். கைக்கு வரும். ஆனா சுவர்ல செருகி விசிறி வெச்சு ஓட்டுற சாமான் ஒண்ணு எப்பவும் போனைவிட ஒரு படி முன்னாடி இருக்கும். அந்தப் படி உனக்குத் தேவையாங்கிறதுதான் கேள்வி."

அவன் யோசித்தான். பிறகு போனின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். தடிமனான ரப்பர் கவர்.

"இது ஸ்வெட்டர் மாதிரிதானே மாமா?"

கவரைக் கழற்றி, திண்ணைக் கல்லின் மேல் போனை வைத்தான். கல் சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை, அவனாகவே கண்டுபிடித்தான். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அக்கா குரல்: "என் போன் எங்கடா? அப்பாவுக்குப் பேசணும்."

எடுத்துப் பார்த்தோம். சார்ஜ் 4 சதவீதம்.