கூடத்துக் கட்டிலும் ஒரு வார்டுதான்

1928-ல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி பொன்மலைக்கு வந்தது. அதைச் சுற்றிக் குடியிருப்பு, பள்ளி, சந்தை, ரயில்வே ஆஸ்பத்திரி என்று ஓர் ஊரே வளர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் மருத்துவ அட்டை இருக்கிறது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க எங்கே போவது என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் என்றாலே ஆஸ்பத்திரிதான்.

ஆனால் பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாட்கள்தான். மிச்சமெல்லாம் வீட்டுக் கூடத்துக் கட்டிலில். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரையின் பெயரும் வேளையும் இருக்கும். நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று அதில் இருக்காது. மனைவியோ மகளோ மருமகளோ அன்று மாலையே நர்ஸாகிவிடுகிறார், ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல். அதனால் வீட்டுக்குக் கிளம்பும் முன் வார்டு சிஸ்டரிடம், “ஒரு தடவை நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். கண்ணால் பார்த்தது மறந்துபோகலாம், கையால் செய்து பழகியது மறக்காது.

படுக்கைப்புண்: ஆரம்பத்திலேயே பாருங்கள்

கட்டிலுக்கும் எலும்புக்கும் நடுவே தோல் அழுந்தினால் அங்கே ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. சில மணி நேரத்திலேயே சதை கெடத் தொடங்கலாம். வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகியவற்றைத் தினமும் குளிப்பாட்டும்போதோ துடைத்துவிடும்போதோ பார்த்துவிடுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் வெளுக்கவில்லையென்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் மாநிறத்தில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றுத் தோலைவிடக் கறுத்தோ, சூடாகவோ, தடித்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். பணிமனைச் சங்கை வைத்தே நாளைப் பங்கிட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுவரில் ஒரு தாளை ஒட்டி, இடம், வலம், நிமிர்ந்து என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைப்பவர்கள் பலர். மெத்தை துணைதான், புரட்டும் வேலை இருக்கத்தான் செய்யும்.

புரட்டும்போது உடம்பைத் தரதரவென்று இழுத்தால் தோல் உரியும். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, முதுகிலிருந்து தொடைவரை அடியில் விரித்து வையுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினால் அவருக்கும் வலிக்காது, உங்கள் இடுப்பும் பிழைக்கும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.

சிவந்த இடத்தை அன்போடு தேய்த்துவிடுவது, மஞ்சளோ பவுடரோ அப்புவது, வட்ட டியூப் மேல் உட்கார வைப்பது எல்லாம் கெடுதல்தான். திருச்சி வெயிலில் ரெக்சின் விரிப்பு வேர்வையைத் தேக்கி வைக்கும். அதன்மேல் பருத்தித் துணி அவசியம். தோல் கிழிந்துவிட்டாலோ நாற்றம் வந்தாலோ டாக்டரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள்.

கஞ்சியும் குழாயும்

படுத்த நிலையில் ஊட்டுவதுபோல ஆபத்து வேறில்லை. கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரலாம். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். விழுங்கும்போது இருமினாலோ, குரல் கொழகொழத்தாலோ நிறுத்திவிடுங்கள். “இன்னும் ஒரு வாய்” என்ற கெஞ்சல் இங்கே வேண்டாம்.

சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. ஆளைத் தூக்கும்போது பையை வயிற்றின் மேல் வைப்பதை நிறையப் பேர் செய்கிறார்கள். சிறுநீர் திரும்பி ஓடிக் கிருமியை உள்ளே கொண்டுபோகும்.

வாசலுக்கு வரும் மருத்துவம்

பொன்மலையில் எல்லாரும் ரயில்வேக்காரர்கள் இல்லை. மருத்துவ அட்டை இல்லாத குடும்பங்களுக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்தான் முதல் படி. 1978-ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி, மக்கள் வாழும் இடத்துக்கு மிக அருகே மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று அறிவித்தன. தமிழ்நாட்டில் அந்த எண்ணம் வாசல்வரை வந்தது 2021 ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில். அதன் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் தரப்பட்டது நம் திருச்சி மாவட்டத்துச் சன்னாசிப்பட்டியில்தான், 2022 டிசம்பரில்.

சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டம் என்றே இதை அநேகர் அறிந்திருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புச் சிகிச்சையும் இதில் உண்டு. கேட்டால்தான் தெரியும், வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடமோ செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள்.

சட்டென்று முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், தன்னார்வலருக்காகக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எத்தனை மணிவரை நோயாளி நன்றாக இருந்தார் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கவனிப்பவரின் பிரஷர்

கட்டிலில் இருப்பவருக்கு பிரஷர் பார்க்க வரும் தன்னார்வலரிடம், அவரைக் கவனிக்கும் அம்மாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். மாமனாரின் மாத்திரையை ஒரு வேளை விடாமல் தரும் மருமகள், தன் மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாயிற்று என்று அறியாமலிருப்பார். 140/90-ஐத் தாண்டினால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அடுப்படியிலிருந்து ஓடிவந்த கையோடு பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட உட்கார்ந்தபின் பார்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிடம் கட்டில்காரரை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.