காசநோயும் நம் இல்லங்களும்

காசநோய்க்குத் தமிழில் வழங்கும் பழம்பெயர் என்புருக்கி. எலும்பையும் உருக்கி உடலைத் தேய்க்கும் நோய் என்பது பொருள். பதினோராம் நூற்றாண்டின் மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனா, இஃது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றக்கூடியது என்று தம் 'அல்கானூன்' நூலில் உரைத்தார். நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்த செய்தியை 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ராபர்ட் காக் பெர்லின் நகரில் அறிவித்தார். குலவழி வரும் நோய், முன்செய்த பாவத்தின் பயன் என்னும் எண்ணங்கள் அன்றோடு அகன்றிருத்தல் வேண்டும். நம் தெருக்களில் அவை இன்னும் அகன்றபாடில்லை.

நுரையீரலில் நோய் கண்டவர் இருமும்போது கிருமிகள் காற்றில் கலந்து, உடனிருப்போரின் மூச்சோடு உட்செல்கின்றன. உண்கலத்தாலோ உடையாலோ நோய் பரவுவதில்லை. கிருமி புகுந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கு நோய் தோன்றுவதே இல்லை. அவர்தம் உடலில் அது வாளா உறங்கிக் கிடக்கும். ஊட்டக் குறைவு, நீரிழிவு, புகைப்பழக்கம் முதலியவற்றால் உடலின் எதிர்ப்பாற்றல் குன்றும்போது விழித்தெழும். வீட்டுக்கொருவர் நீரிழிவுக்கு மாத்திரை உண்ணும் இக்காலத்தில் இது நாம் கருதத்தக்கது.

மருந்து இல்லாத காலத்தில் தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சையாயின. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அவ்வாறு எழுந்ததே. அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. மருந்துகள் வந்த பின்னரும், நோயாளியை இல்லத்தினின்று பிரித்தே ஆகவேண்டும் என்ற கருத்து மாறவில்லை. அதனை மாற்றியது சென்னையே என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில், நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடி மிக்க தம் குடிசைகளிலேயே இருந்தனர். இருவர்க்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது: குணமடைந்தோர் அளவு இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலேயே மருந்துண்டவர்களின் குடும்பத்தார்க்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. உலகமே இம்முடிவை ஏற்றது.

நம் இல்லங்களோ இன்னும் ஏற்கத் தயங்குகின்றன. நிக்காஹ் பேசும் வயதில் மகள் இருந்தால் அவளது இருமலை மறைக்கின்றோம். மருமகளுக்கு நோய் என்றறிந்தால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றோம். இது நோயினும் கொடிதென்போம். தக்க மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் நோய் பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடுகிறது. மருந்துண்ணும் மருமகளைவிட, மறைத்து இருமும் மாமனாரே வீட்டிற்கு ஆபத்தானவர்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் இரத்தம் இவற்றுள் ஒன்று கண்டாலும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஊட்ட உணவிற்கென நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கிற்று; 2024 நவம்பரில் அது 1000 ஆயிற்று.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். முதல் இரு மாதங்களில் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதங்களில் மூன்று. ரிஃபாம்பிசின் என்னும் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். இரத்தமெனக் கருதி அஞ்ச வேண்டா. இடர் வருவது இரண்டாம் மாத முடிவில்தான். இருமல் நின்று, பசியெடுத்து, எடை கூடியதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். அடங்கிய கிருமிகளுள் எஞ்சியவை மருந்துக்கு அடங்காதனவாய்ப் பெருகக்கூடும். அதன்பின் சிகிச்சை நீளும், மருந்தும் கடுமையாகும்.

ரமளான் மாதத்தில் நோன்பின் பொருட்டு மாத்திரையை விட்டுவிடுவோரும் உளர். நோயுற்றோர் பிறிதொரு நாளில் நோன்பை நிறைவு செய்ய மார்க்கம் இடமளித்துள்ளது. நோன்பிருக்கலாமா, இருப்பின் மருந்தை ஸஹருக்கோ இரவுக்கோ மாற்றலாமா என்பதை ரமளான் பிறக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.