காதில் கதை, கண்ணில் சாலை

அமெரிக்காவின் டெத் வேலி, ஜோசுவா ட்ரீ போன்ற பாலைவனப் பூங்காக்களில் தனியாகக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்குச் செல்போன் செயலியே வழிகாட்டி. கார் எந்த இடத்தைத் தொடுகிறதோ, அந்த இடத்தின் கதையை ஜிபிஎஸ் உதவியோடு ஒரு குரல் தானாகவே சொல்லத் தொடங்கும். நமக்குப் பக்கத்தில் பாலைவனம் இல்லை. ஆனால் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே சதுரங்கப்பட்டினம், வாயலூர் என்று போனால் வெயிலும் மணலும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி நீரில்லாமல் மணலாய்க் கிடக்கும் பாலாறும் உண்டு. பாட்காஸ்ட்டையோ யூடியூப் உரையையோ ஓடவிட்டு, தனியாக இந்தச் சாலையில் வரலாறு கேட்டபடி போவது எவருக்கும் எளிது. அரசியலமைப்பின் 19(1)(d) பிரிவு நாடெங்கும் தடையின்றிச் சென்றுவர குடிமக்களுக்கு உரிமை தருகிறது. அதில் ஆண், பெண் என்ற பேதமில்லை. ஆகவே தனியாகப் போகலாமா என்று கேட்க வேண்டியதில்லை. காது கதை கேட்கும்போது கண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

‘பேருந்து ஓட்டுநர் காலங்காலமாகப் பாட்டுப் போட்டுத்தானே ஓட்டுகிறார், கதை கேட்டால் என்ன கெட்டுவிடும்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2013இல் இதை அளந்து பார்த்தது. வேறெதுவும் செய்யாமல் வண்டி ஓட்டுவதன் மனச்சுமையை 1 என்றும், உச்சச் சுமையை 5 என்றும் வைத்துக்கொண்டது. வானொலி கேட்பது 1.21, ஒலிப்புத்தகம் கேட்பது 1.75, கையில் பிடிக்காமல் போனில் பேசுவது 2.27, கையில் பிடித்துப் பேசுவது 2.45 என்று வந்தது. ஆக, கதை கேட்பதற்குப் பேசுவதைவிடச் சுமை குறைவு. ஆனால் வானொலி கேட்பதைவிடக் கூடுதல். இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒலிப்புத்தகம் ‘இதோ இடப்பக்கம் பாருங்கள்’ என்று சொல்வதில்லை. சுற்றுலாக் குரலோ அதைச் சொல்வதற்காகவே இருக்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கும். இடப்பக்கம் இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால் 44 மீட்டர் தூரம் பார்க்காமலே ஓட்டியிருக்கிறோம். அதற்குள் ஒரு மாடு சாலையைக் கடந்தால் போதும், எதிர்த்திசையில் ஒரு டூவீலர் வந்தால் போதும். தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. 17,884 பேர் இறந்தார்கள். ஆகவே கதையை ஓடவிடுங்கள். காட்சியைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை நிறுத்துங்கள். நிறுத்துவதும் பாலத்தின் மேலோ வளைவிலோ கூடாது. சாலையைவிட்டு முழுவதுமாக ஓரங்கட்ட இடமுள்ள இடத்தில்தான். இரு காதையும் அடைக்கும் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் லாரியின் ஹாரன் காதில் விழ வேண்டும். காரின் ஸ்பீக்கரே போதும்.

‘செல்போனை வழிகாட்டப் பயன்படுத்தலாம் என்று சட்டமே சொல்லிவிட்டதே’ என்பது அடுத்த வாதம். சொன்னது உண்மை. ஆனால் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், கையடக்கக் கருவியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில் பயன்படுத்தச் சொல்கிறது. ஸ்டாண்டில் வைத்த போனிலிருந்து கதை கேட்பது வேறு; அடுத்த பகுதியைத் தேடிக் கையில் எடுத்துத் தடவுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு பாயும். முதல் முறைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமிருக்கிறது. எல்லாப் பகுதிகளையும் வரிசைப்படுத்திப் புறப்படும் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் போனைத் தொட வேண்டிய தேவையே வராது, டவர் கிடைக்காத இடத்திலும் குரல் அறுந்துபோகாது.

தனியாக ஏன், கூட ஒருவரை அழைத்துப் போனால் பாதுகாப்புத்தானே என்று வீட்டில் சொல்வார்கள். அந்த அக்கறையை ஒதுக்க முடியாது. ஆனால் அதே ஆய்வில், பக்கத்தில் இருப்பவரோடு பேசியபடி ஓட்டுவதற்கு 2.33 வந்தது, அது ஒலிப்புத்தகத்தைவிட அதிகம். துணையின் உண்மையான பலன், ஆபத்து வந்தால் உதவிக்கு ஓர் ஆள் இருப்பதுதான். தனியாகப் போகிறவர் அதற்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒருவருக்குச் சொல்லி வைப்பதும், இருக்கும் இடத்தை அவருக்கு மட்டும் பகிர்ந்து வைப்பதும் அந்த ஏற்பாடு. கதை சொல்லும் செயலிக்கு, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் இருப்பிடம் அறிய அனுமதி கொடுத்தால் போதும்.

பதிவுக் குரலுக்குத் தெரியாதவையும் உண்டு. 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக் கடலில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரேனும் மோதியதை அது அழகாகச் சொல்லும். அங்குள்ள டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகளைப் பற்றியும் சொல்லும். இன்று கடல் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லாது. அதைக் கரையில் வலை உலர்த்தும் அண்ணனிடம்தான் கேட்க வேண்டும். ‘இறங்காதீங்க’ என்று அவர் சொன்னால் இறங்கக் கூடாது. பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அந்த வளாகத்தைப் படமெடுப்பதும் அங்கே ட்ரோன் விடுவதும் சிக்கலில் கொண்டுபோய் விடும். கோட்டையோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். அதன் சுவரில் பெயர் கிறுக்கினாலும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ வரலாம்.

வாடகைக் கார் எடுப்பவர் முதலில் நம்பர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். தானே ஓட்டிப்போகத் தரும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு. பணம் கட்டிய கார் நிறுவனமோ செயலியோ ஏமாற்றினால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்.

விபத்தே நேர்ந்துவிட்டால் 108 அல்லது 112. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கிலேயே, போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தச் சாலை செல்லும் அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், தமிழகச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். தனியாகப் போனவருக்கு அந்த நேரத்தில் சொந்தம் என்று யாரும் அருகில் இருக்கமாட்டார்கள். வழியில் போகிற யாரோ ஒருவர் வண்டியை நிறுத்தினால்தான் உண்டு. நிறுத்தினால் கோர்ட்டு, ஸ்டேஷன் என்று அலையவேண்டி வருமோ என்ற பயத்தில்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அந்த மனிதருக்காகவே 2019இல் சேர்க்கப்பட்டது. உதவியவர் தன் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை, சாட்சியாக வரும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.