ஒன்றரை மைல் ஓட்டமும் ஓர் ஆற்றல் கணக்கும்

குதிரைப் பந்தயம் என்றதும் பணம் கட்டுகிறவர்களின் கணக்குதான் பலருக்கு நினைவுக்கு வரும். அந்தக் கணக்கு நமக்கு வேண்டாம். நாம் பார்க்கப்போவது குதிரையின் உடலுக்குள் நடக்கும் வரவு செலவுக் கணக்கு.

அமெரிக்காவின் 'பெல்மான்ட் ஸ்டேக்ஸ்' பந்தயம் 1867-இல் தொடங்கியது. தரோபிரெட் என்னும் பந்தய இனத்தைச் சேர்ந்த மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே இதில் ஓடலாம். 1926 முதல் இதன் வழக்கமான தூரம் ஒன்றரை மைல், அதாவது 2,414 மீட்டர். நியூயார்க்கை ஒட்டிய பெல்மான்ட் பார்க் மைதானத்தில் இது சரியாக ஒரு முழுச் சுற்று. (மைதானத்தைப் புதுப்பித்ததால் 2024, 2025-ஆம் ஆண்டுகளில் சரடோகாவில் ஒன்றேகால் மைலாக நடந்தது.) ஓட வரும் குதிரைகளில் பெரும்பாலானவை அதற்குமுன் அவ்வளவு தூரம் பந்தயத்தில் ஓடியதே இல்லை.

1973 ஜூன் 9 அன்று ஐந்து குதிரைகள் ஓடின. செக்ரட்டேரியட் என்ற குதிரை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்தது. இரண்டாவது குதிரை 31 குதிரை நீளம், ஏறத்தாழ 75 மீட்டர், பின்னால் இருந்தது. அந்தச் சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை.

ஒவ்வொரு கால் மைலுக்கும் செக்ரட்டேரியட் எடுத்துக்கொண்ட நேரம் இது: 23.6, 22.6, 23.6, 24.4, 24.8, 25.0 விநாடி. கூட்டிப் பாருங்கள், 144 வரும். இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? கடைசியில் அது பறந்து சென்றதாகவே பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உண்மையில் அதன் வேகம் குறைந்துகொண்டே வந்தது. மற்றவை அதைவிட அதிகமாகத் தளர்ந்தன, அவ்வளவுதான்.

"மாறாத வேகத்தில் ஓடும்போது ஆற்றல் ஏன் செலவாக வேண்டும்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. குதிரையும் ஜாக்கியும் சேர்ந்து சுமார் 550 கிலோகிராம் என்று கொள்வோம். விநாடிக்கு 17 மீட்டர் வேகத்தில் அவர்களுடைய இயக்க ஆற்றல் ஏறக்குறைய 80,000 ஜூல். இது தொடக்கத்தில் ஒருமுறை போடும் முதல். அதன் பிறகும் ஒவ்வொரு பாய்ச்சலிலும் கால்களை முன்னே வீசி நிறுத்த வேண்டும். உடல் எழுந்து தாழ்கிறது. குளம்பு மணலில் புதைகிறது. காற்றுத் தடையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே செலவு நிற்பதே இல்லை.

இந்தச் செலவுக்குத் தசைகள் இரு வழிகளில் ஆற்றல் பெறுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு பெறுவது நெடுநேரம் நீடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் பெறுவது விரைவாகக் கிடைக்கும். ஆனால் விரைவில் தீரும், தசையில் அமிலத்தன்மையையும் கூட்டும். நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடுகிறது, அதுவும் மூக்கு வழியாக மட்டுமே. ஓடிக்கொண்டே நம்மைப்போல் வாயால் மூச்சு வாங்க அதனால் முடியாது. இந்தக் குறையை ஈடுசெய்ய இயற்கை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. ஓட்டத்தின்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த சிவப்பணுக்களை இரத்தத்தில் கொட்டுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும் இதயம் 220-ஐத் தாண்டுகிறது.

அன்று ஷாம் என்ற குதிரை முதல் அரை மைல் வரை செக்ரட்டேரியட்டை விடாமல் ஒட்டியே ஓடியது. அதுவும் வெளிப்பக்கத்தில். வெளிப்பக்கமாக ஒரு மீட்டர் தள்ளி ஓடினால் ஒரு முழுச் சுற்றில் 2π, அதாவது 6.3 மீட்டர் கூடுதல். மைதானம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்தக் கூடுதல் மாறாது, வரைந்து பாருங்கள். ஆனால் ஷாமைக் கவிழ்த்தது அந்தச் சில மீட்டர்கள் அல்ல, தொடக்கத்து வேகம்தான். கைமுதலை முன்னதாகவே செலவழித்துவிட்ட ஷாம் கடைசியாக வந்தது. அதன் பிறகு அது எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

1989-இல் செக்ரட்டேரியட் இறந்தபோது அதன் இதயம் சுமார் 10 கிலோகிராம் இருக்கும் என்று பரிசோதித்த மருத்துவர் மதிப்பிட்டார். தராசில் வைத்துப் பார்க்கவில்லை. (செய்முறை ஏட்டில் இப்படி எழுதினால் நான் மதிப்பெண் தரமாட்டேன்!) 1993-இல் இறந்த ஷாமின் இதயத்தை அவரே நிறுத்துப் பார்த்தார். சாதாரணக் குதிரையின் இதயத்தைப்போல் இரு மடங்கு, 8 கிலோகிராமுக்கும் சற்று அதிகமாகவே இருந்தது.