வான்வழி – 17: ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் ஹெல்சிங்கி விமான நிலையத்துக்கும் டோக்கியோவின் நரிட்டாவுக்கும் இடையே மிகக் குறுகிய தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊர்களையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ரஷ்யாவின் வடபகுதியையும் சைபீரியாவையும் கடந்து ஜப்பானுக்குள் நுழையும். 2022 பிப்ரவரி வரை பின்லாந்தின் விமான நிறுவனமான பின்ஏரின் விமானங்கள் ஏறக்குறைய அந்த நூலின் மேலேயே பறந்தன. பயண நேரம் சுமார் ஒன்பதரை மணி. இன்று அதே பயணத்துக்கு 13 மணி நேரம் ஆகிறது.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும் ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தில் முழு அதிகாரம் உண்டு என்பது 1944-ல் சிகாகோவில் உருவான உடன்படிக்கையின் முதல் விதி. அந்த விதி எவ்வளவு வலுவானது என்பதைப் பின்லாந்துக்காரர்கள் அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு. கிழக்கே அவர்களுக்கு இருக்கும் ஒரே அண்டை நாடு ரஷ்யாதான்.

ரஷ்யாவைத் தவிர்த்துப் பறக்கும் சுற்றுவழி பின்ஏருக்குப் புதிதல்ல. சோவியத் வானம் அடைபட்டிருந்த காலத்தில், 1983 ஏப்ரலில், அந்த நிறுவனத்தின் டிசி-10 விமானம் வட துருவத்தின் மேலாகப் போய், அலாஸ்காவுக்கும் சோவியத் எல்லைக்கும் நடுவே உள்ள பெரிங் நீரிணை வழியாக இறங்கி, எங்கும் நிற்காமல் டோக்கியோவை அடைந்தது. அன்றும் சுமார் 13 மணி நேரம். மற்ற ஐரோப்பிய விமானங்கள் பலவும் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, ஆங்கரேஜிலிருந்து சியோலுக்குக் கிளம்பிய கொரிய விமானம் ஒன்று வழி விலகி, கம்சட்காவையும் சகலினையும் கடந்தபோது சோவியத் போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டார்கள். வரைபடத்தில் ஒரு கோடு விலகியதற்கு அத்தனை உயிர்கள்! இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை ஆறிய மனதோடு எழுத முடியவில்லை.

பின்னர் சோவியத் வானம் திறந்தது. பின்ஏர் அதன் மேல் தன் வியாபாரத்தையே கட்டியது. ஆசியாவுக்குப் போன விமானம் 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்துவிடும். மறுநாள் அதே நேரத்துக்கு அதே விமானம் மீண்டும் கிளம்பும். போக 13, வர 13 என்றாகிவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துபோகிறது. கூடுதல் விமானம் வேண்டும், கூடுதல் எரிபொருள் வேண்டும். பயணச்சீட்டின் விலையிலும் அது ஏறும்.

இப்போதைய ஏ350 விமானங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து வடக்கே துருவத்தின் பக்கமோ, தெற்கே மத்திய ஆசியா வழியாகவோ போகின்றன. துருவ வழியில் விமானிகள் எரிபொருளின் வெப்பநிலையையும் கண்காணிக்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. அவசரத்துக்கு இறங்க அங்கே விமான நிலையங்களும் மிகக் குறைவு. துருவத்தைக் கடந்த பயணிகளுக்குப் பின்ஏர் ஒரு சான்றிதழ் தருகிறது.

சீன விமான நிறுவனங்களுக்கு ரஷ்ய வானம் இன்றும் திறந்திருக்கிறது. ஐரோப்பாவுக்கு அவை பழைய குறுக்குவழியிலேயே வந்துபோகின்றன. சைபீரியாவைக் கடக்க ரஷ்யா பல்லாண்டுகள் வசூலித்த கட்டணத்தின் கதை, அடுத்த வாரம்.