கார்காலத்தில் தேன்பெட்டி

தேனீ வளர்ப்பைப் பற்றிய மேல்நாட்டு நூல்களில், பனிக்காலத்தைத் தேனீக்கள் கடக்கும் விதமே பெரிய விஷயமாகப் பேசப்படுகிறது. ஐரோப்பியத் தேனீ, கோடையில் சேமித்த தேனை உண்டு, ராணியை நடுவில் வைத்து நெருங்கித் திரண்டு, தன் உடல் உஷ்ணத்தாலேயே உயிர் தரித்து வசந்தத்தை எதிர்நோக்கியிருக்கும். திண்டுக்கல் சமவெளியில் பனி உறைவதில்லை. ஆயினும் இங்குள்ள தேனீக்கும் ஒரு பஞ்சகாலம் உண்டு. ஆடிக் காற்றில் பூக்கள் உதிர்ந்தபின் தலைகாட்டி, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றி, மார்கழியில் தணியும் அந்தப் பஞ்சத்தில் பெட்டியைக் காப்பவரே தேனீ வளர்ப்பவர்; தேன் எடுப்பது அதன் பயன் மட்டுமே.

நம் பக்கத்துத் தோட்டங்களில் பெட்டியில் வளர்வது பெரும்பாலும் இந்தியத் தேனீ. மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் வரிசை வரிசையாக அடை கட்டுவதால் இதனை அடுக்குத் தேனீ என்றும் சொல்வர். இதன் சிறிய குடும்பத்துக்கு ஏற்ற பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமவாசிகளுக்குப் பயிற்சி அளித்தவர் நியூட்டன் பாதிரியார். அவர் பெயரால் வழங்கும் அப்பெட்டியில் கீழே புழு அறையும், அதன்மேல் உயரம் குறைந்த தேன் அறையும் உள்ளன. மேலறைத் தேனை நாம் கொள்ளலாம். கீழறைத் தேன் குஞ்சுகளின் ஆகாரம், அதில் கைவைப்பது தகாது.

மழை பிடிக்குமுன், ஆவணியிலோ புரட்டாசியிலோ, வெயில் இதமாக உள்ள ஒரு காலை வேளையில் மெல்லப் புகை காட்டிப் பெட்டியைத் திறந்து, அடை கட்டிய சட்டம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், குடும்பத்தின் நிலை முழுவதும் அதில் தெரியும். மேல்விளிம்பில் மெழுகு மூடியிட்ட தேன். அதன்கீழ் மஞ்சளும் பழுப்புமாக மகரந்தம் அடைத்த அறைகள். அதற்கும் கீழே புழுக்கள். அறையின் அடியில் வெண்ணிற இழைத்துணுக்குப்போல் நிற்கும் முட்டைகள். முட்டை இருந்தால் ராணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. தேன் விளிம்பு மெலிந்திருந்தால், ஆகாரம் கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.

சர்க்கரையும் நீரும் சம அளவாகக் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை, ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி, தேனீக்கள் மூழ்காதபடி சில குச்சிகளை மிதக்கவிட்டு, பொழுது சாய்ந்தபின் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். பகலில் வைத்தாலும் வெளியே சிந்தினாலும், மணம் அறிந்து வேறு கூட்டத்துத் தேனீக்கள் கொள்ளையிட வந்து, வலுவற்ற குடும்பத்தை அழித்துவிடும்.

ஆகாரத்துக்கு அடுத்தது காவல். கூட்டம் சுருங்கும்போது தேனீக்கள் மூடாத வெற்று அடைகளில் மெழுகுப்பூச்சி முட்டையிட, அதன் புழுக்கள் நூல் பின்னிக்கொண்டே அடையைத் துளைத்துச் செல்லும். ஆகவே தேனறையையும் காலி அடைகளையும் எடுத்துவிட்டு, குடும்பத்தின் அளவுக்கு வீட்டைச் சுருக்குவது உத்தமம். வாசலைக் குறுக்கினால் குளவியை எதிர்ப்பது எளிதாகும். பெட்டியைத் தாங்கும் தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பெட்டியின் முன்புறம் சற்றே தாழ்ந்திருந்தால் சாரல்நீர் உள்ளே தேங்காது.

இத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் இந்தியத் தேனீயின் சுபாவமே. பசியும் பூச்சித் தொல்லையும் மிகுந்தால் அது பெட்டியில் கிடந்து மடிவதில்லை. ராணி முட்டையிடுவதை நிறுத்த, இருக்கும் தேனை வயிறு நிரம்பப் பருகிவிட்டு, குடும்பம் முழுவதும் ஒருநாள் பறந்துபோய்விடும். இது நம் மாட்டைப்போல் கயிற்றுக்குக் கட்டுப்பட்ட ஜீவன் அன்று. வசதி உள்ளவரையில்தான் நம்மோடு இருக்கும்.

மழை ஓய்ந்ததும் மானாவாரிக் கொத்தமல்லியும், பின்னர் நத்தத்து மாவும், ஒட்டன்சத்திரத்து முருங்கையும், பங்குனி, சித்திரையில் வேம்பும் பூக்கும். ஆனால் முட்டை ஒன்று தேனீயாக ஏறக்குறைய மூன்று வாரம். அத்தேனீ கூட்டுக்குள் உள்ள வேலைகளை முடித்துப் பூவுக்குப் புறப்பட மேலும் இரண்டு மூன்று வாரம். தையில் பூவைத் தேடிப் பறக்கும் தேனீ, கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ முட்டையாக இடப்பட்டதாகவே இருக்க வேண்டும். பெட்டியைத் தொடவே மனம் வராத அம்மழை நாட்களில் நாம் ஊற்றும் பாகு, வரும் தேனுக்கு விதைப்பாகும். அண்டைத் தோட்டத்து முருங்கை காய் பிடிப்பதற்கும் அதுவே துணை.